ஒரு எழுத்து மாத்தோணும்னாலும்

— ஹெட்லெஸ்ன்னா தலையில்லாததுன்னுதானே அர்த்தம்? தலையில்லாததைக் கொண்டாந்து என்ற கம்பெனியில வெக்கறதுக்கு நாஞ் சம்மதிக்கமாட்டேன்.

— தலை இருக்கறவங்க நடத்துன லட்சணத்தைத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களே.

— லொள்ளு பேசாத பாரதி. வெளியாளு உக்காந்திருக்குது.

— வெளியாளு முன்னாடி பொண்டாட்டியைப் பேசறது உங்களுக்குப் பழக்கந்தானுங்களே. இன்னைக்கு மட்டும் என்ன கூச்சம்? நீ சொல்லு தமிழ்மதி. வெப்சைட்டைக் கட்டப்போறது நீ. இவுருக்கு இன்னொருக்காச் சொல்லு.

— சொல்லுதேன்க்கா. அண்ணாச்சி, தலைன்னா இங்க கடை முகப்பு. முகப்பும் குடோனும் ஒட்டாம தனித்தனியா இருக்கும். உங்க ஆபீஸ் புள்ளைங்க பின்வாசல் வழியா குடோனுக்குள்ள போயி சரக்கை அடுக்குவாவ, மாத்துவாவ. முகப்புல வந்து நிக்கவனுக்கு அப்பமே புதுச் சரக்கு தெரியும். அதான் ஹெட்லெஸ்.

— இன்னொண்ணு?

— ஸ்டேட்டிக். அதுல குடோனே கிடையாது. பனியனைத் தைச்சு, அயர்ன் பண்ணி, கவர்ல போட்டுப் பெட்டியில அடுக்குதோம்லா, அது மாதிரி பக்கம் பூராத்தையும் முன்னாலயே செஞ்சு வச்சிருக்கும். வாரவன் எடுத்துப் பாத்துட்டுப் போவான். பின்வாசல் கிடையாது, அதனால திருடனுக்கும் நுழைய வழி கிடையாது. ஆனா ஒரு எழுத்து மாத்தணும்னாலும் பெட்டியைப் பிரிச்சு முதல்லருந்து தைக்கணும். அதுக்கு வேலை தெரிஞ்ச ஆள் வேணும்.

— அது. அதுதான் எனக்கு வேணும். பின்வாசல் இல்லாதது.

— ஏனுங்க, நம்ம பனியனை வாங்கற டென்மார்க்காரங்க என்ன கேட்டிருக்கறாங்கன்னு படிச்சீங்களா, இல்ல யாராச்சும் சொல்லக் கேட்டீங்களா?

— படிச்சேன்.

— படிச்சிருந்தா இப்படிப் பேசமாட்டீங்க. ஒவ்வொரு பனியன் லேபிள்லயும் கியூஆர் கோடு இருக்கோணும். கடையில வாங்கறவங்க போனைக் காட்டுனா நம்ம பக்கம் தொறக்கோணும். நூலு எந்த மில்லு, நிட்டிங் எங்க, சாயம் போட்ட டையிங் எங்க, தைச்சது எங்கன்னு அத்தனையும் அதுல இருக்கோணும். தப்பா இருந்தா ஆர்டரே இல்லைங்கறாங்க.

— அதான் படிச்சேங்கறேன்ல.

— படிச்சா சொல்லுங்க. நம்ம கம்பெனியில ஒரு ஆர்டருக்குச் சொன்ன டையிங் கடைசி வரைக்கும் அதே டையிங்கா இருந்திருக்குதுங்களா? துணி கட்டிங் டேபிளுக்கு வர்றதுக்குள்ள மாறிப்போகுது. காலையில ஒருத்தரு, சாங்காலம் இன்னொருத்தரு. அதை ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசிங் புள்ளைங்க உக்காந்த எடத்துலயே மாத்தோணும். ஹெட்லெஸ் இருந்தாத்தான் அது முடியும்.

— மெர்ச்சண்டைசிங்ல ஆரு? அந்தக் கலைமகளா? அவளுக்கு ஒரு ஜிப் ஃபைலைத் தொறக்கத் தெரியாது.

— தெரியும். நாஞ் சொல்லிக் குடுத்தேன். நீங்க கவனிக்கல.

— அவளுக்கு ஒரு பாஸ்வேர்டு, பக்கத்து சீட்டுக்காரிக்கு ஒரு பாஸ்வேர்டு. தீபாவளிக்குப் போனஸ் வாங்குன கையோட பாதிப் பேரு அடுத்த கம்பெனிக்குப் போயிருவாங்க. பாஸ்வேர்டும் கூடவே போயிரும்.

— பாஸ்வேர்டைப் பத்தி நீங்க பேசறீங்க.

— ஏன், பேசக் கூடாதா?

— பேசுங்க, பேசுங்க. காதுக்கு நெம்ப நல்லா இருக்குது.

— அக்கா, அண்ணாச்சி, அதுக்கும் வழி இருக்கு. வேலையை விட்டுப் போறவங்க பேரை அன்னைக்கே எடுத்துடலாம். அதோட, புள்ளைங்க மாத்துனது உடனே வெளிய தெரியாது. மேல ஒருத்தர் பாத்து ஓகே சொன்னாத்தான் தெரியும்னு வச்சுக்கிடலாம்.

— அந்த மேல ஒருத்தரு ஆரு அம்மிணி?

— நீங்கதாம் அண்ணாச்சி. முதலாளி நீங்கதான?

— எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. டையிங்காரனைத் தொரத்தறதா, உங்க பக்கத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா?

— கேட்டுக்க தமிழ்மதி. புள்ளைங்க கையில குடுக்கறதுக்கும் மனசில்ல. தானே பாக்கறதுக்கும் நேரமில்ல. பொறகு ஆருதானுங்க பாக்கறது?

— அதை நான் ரோசனை பண்ணியாச்சு.

— என்ன ரோசனை? சொல்லுங்க.

— சொல்றப்பச் சொல்லுவேன்.

— ரெண்டையும் சேத்தே வச்சுக்கிடலாம் அண்ணாச்சி. பின்னால புள்ளைங்க எழுதுதது ஹெட்லெஸ்ல. முன்னால வாரவனுக்குக் காட்டுதது ஸ்டேட்டிக். அவங்க எழுதி நீங்க ஓகே சொன்னதும் பக்கம் தானாவே தைச்சு வந்துரும். நிறைய பேரு அப்படித்தாம் வச்சிருக்காவ.

— வேண்டாம்.

— வேண்டாங்க.

— சரிதாம். காலையிலருந்து ரெண்டு பேரும் ஒத்துப்போனது இது ஒண்ணுலதாம்.

— சேத்து வெச்சாலும் அந்த ஹெட்லெஸ் உள்ள இருக்கும்ல? அப்ப சாவி புள்ளைங்க கையிலதானே இருக்கும்? அதான் வேண்டாங்கறேன். பாரு அம்மிணி, ஸ்டேட்டிக்ல பக்கத்துக்கு ஒரு மார்க்டவுன் ஃபைலு, வெறும் எழுத்து மட்டும். டையிங் மாறுனா அந்த ஃபைல்ல ஒரு வரியை மாத்தி, பில்டு ஓட்டி, மேல ஏத்திப்போட்டா முடிஞ்சுது. டேட்டாபேஸ் இல்ல, லாகின் இல்ல, மாசாமாசம் சந்தா இல்ல. நாளைக்கு அந்த ஹெட்லெஸ் கம்பெனிக்காரன் கடையை மூடிட்டா நம்ம பக்கமெல்லாம் எங்க போறது?

— இதெல்லாம் ஆரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?

— ஏன், எனக்குத் தெரியக் கூடாதா?

— எக்செல்ல ஒரு கட்டத்தைப் பெருசு பண்றதுக்கு ஊட்டுக்குள்ள இருந்து என்னைக் கூப்புடுவீங்க. அடுப்புல பால் பொங்கிட்டு இருக்கும், போட்டுட்டு ஓடியாருவேன். இப்ப மார்க்டவுனுங்கறீங்க, பில்டுங்கறீங்க.

— யூட்யூப்ல பாத்தேன். ராத்திரி தூக்கம் வர்றதில்ல, பாத்தேன். தப்பா?

— தப்பில்லீங்க. இம்புட்டுச் சிரமப்பட்டுப் படிச்சது எதுக்குன்னுதான் பாக்கறேன். இப்பப் புரியுது.

— என்ன புரியுது?

— ஸ்டேட்டிக் ஆக்கி மொத்தத்தையும் தமிழ்மதி கையில குடுத்துட்டா இனி ஒருத்தரும் தொட முடியாது. இத்தன வருசம் நான் எழுதுனது, படம் எடுத்தது, அடுக்குனது அத்தனையும் பெட்டியில போட்டு மூடியாச்சு. இனி எதுக்கு இவ? அதானுங்களே?

— அட போ. தலைகீழாப் பேசாத. அதைப் பண்றது நீயி. அந்தப் புள்ளைங்க கையில சாவியைக் குடுத்துப்போட்டு, கம்பெனிப் பக்கம் தலை வெக்காம கொமரலிங்கத்துல உங்கம்மா ஊட்டுலயே உக்காந்துக்கலாம்னு பாக்கற. ஹெட்லெஸ் வேணும் வேணும்னு நிக்கறது அதுக்குத்தானே?

— ஆமாங்க. அதுக்குத்தான்.

— பாத்தியா, வாயிலயே வந்துருச்சு!

— ஒளிச்சா வெச்சேன்? நான் இல்லாமலே இந்த வேலை நடக்கோணும். அதுக்கு எது தோதோ அதைச் சொல்றேன். லேபிள் இன்னைக்கு அச்சுக்குப் போகோணும், பக்கம் எப்படின்னு ஆரும் முடிவே பண்ணல, என்னைத்தான் திட்டறாருங்கக்கான்னு கலைமகள் போன்ல அழுதுச்சு. அந்தப் புள்ளைக்காகத்தான் காலையில பஸ் ஏறுனேன். உங்களுக்காக இல்ல.

— எனக்காக நீ எப்ப வந்திருக்கற? நான் போன் பண்ணுனா எடுக்கறதில்ல. அவ பண்ணுனா ஓடியாந்துருவ.

— அவ என்னை நாலு பேரு முன்னாடி நிறுத்தி வெச்சு அசிங்கப்படுத்தல.

— ஆரம்பிச்சுட்டியா? எங்க சுத்துனாலும் அங்கதான் வந்து நிப்ப!

— அக்கா, நான் வேணும்னா ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.

— உக்காரு கண்ணு. நீ கட்டப்போற வெப்சைட்டுக்குப் பழைய கதை தெரிஞ்சிருக்கோணும். பழசு எப்படிப் போச்சுன்னு உனக்குச் சொன்னாரா?

— ஹேக் ஆயிட்டுன்னு சொன்னாவ. அவ்வளவுதாம்.

— எப்பத் தெரிஞ்சுதுன்னு சொன்னாரா? டென்மார்க் கம்பெனியில இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. கீழ பெரிய ஹால்ல மீட்டிங். மெர்ச்சண்டைசிங், கட்டிங் மாஸ்டரு, செக்கிங் சூப்பர்வைசருன்னு எல்லாரும் நிக்கறாங்க. அந்தம்மா சிரிச்சுட்டே, உங்க வெப்சைட்டைக் காட்டுங்கன்னாங்க. நாந்தான் பெரிய திரையில போட்டேன். நம்ம கம்பெனிப் பேருக்குக் கீழ ரம்மி விளம்பரம். அரைகொறைத் துணியோட ஒரு பொண்ணு சீட்டைக் காட்டிக் கூப்புடறா. எதை அமுக்குனாலும் போகல.

— பாரதி, போதும்.

— இவுரு எந்திரிச்சாரு. என்னைக் கை காட்டி, இங்கிலீசுல, எல்லாத்துக்கும் புரியற மாதிரி, ‘மை வைஃப் டிட் திஸ்’ன்னாரு.

— அன்னைக்கு ஆர்டரே கையை விட்டுப் போற நெலமை! என்னைய என்ன பண்ணச் சொல்ற? வாயில வந்ததைச் சொன்னேன்.

— வாயில வந்தது என்ற பேருதானுங்களே.

— அதுக்கு இந்நேரம் வரைக்குமா மூஞ்சியைத் தூக்கிட்டு இருப்ப? இந்த ஊருல புருசன் பொண்டாட்டி சண்டை போடறதே இல்லையா? கோவத்துல ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்றதே இல்லையா? நான் என்ன உன்னைக் கை நீட்டி அடிச்சனா? சொல்லு, அடிச்சனா?

— அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா. கரண்டு போயிட்டு. கீழ மிசினெல்லாம் நின்னுட்டு. நீங்க பேசுதது அங்க கேக்கும்.

— ஜெனரேட்டர் போட எத்தன நேரம்டா! எவன்டா அங்க?

— கேக்கட்டுமுங்க. அன்னைக்குக் கேட்டவங்கதானே இன்னைக்கும் கீழ இருக்கறாங்க. அன்னைக்கு எனக்காக ஒருத்தரும் வாயைத் தொறக்கல. சோறு போடற மொதலாளி சொன்னாத் தலையைக் குனிஞ்சுக்க வேண்டியதுதான், அவங்களைச் சொல்லி என்ன? ஆனா ஊட்டுக்குப் போயி எல்லாரும் என்ன பேசியிருப்பாங்க? ஓனரம்மா ரம்மி ஆடறாங்களாட்ட இருக்குதுன்னு பேசியிருப்பாங்க.

— ஆரும் அப்படிப் பேசல.

— உங்ககிட்டப் பேசமாட்டாங்க.

— அக்கா, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதிய. லேபிளுக்கு நேரம் ஆவுதுல்லா, அதனால கேக்கேன். உங்க லேப்டாப்பைக் கொண்டு வந்திருக்கியளா?

— எதுக்கு?

— ஸ்டேட்டிக்ன்னு முடிவாச்சுன்னா எல்லாத்தையும் உங்க லேப்டாப்புலதான் ஏத்தணும்னு அண்ணாச்சி சொன்னாவ.

— என்ற லேப்டாப்புலயா?

— உங்கதுல மட்டும்தாம். ஆபீஸ் சிஸ்டம் எதுலயும் வேண்டாம்னாவ. ஒரு காப்பி இங்கயும் இருக்கட்டும், என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்னு சொல்லிப் பாத்தேன். கூடாதுன்னுட்டாவ. எது மாத்துனாலும் பாரதிதான் வந்து மாத்தணும்னாவ. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுன்னுல்லா நான் நினைச்சேன்.

— அம்மிணி, நீ போயி டீக் குடிச்சுட்டு வா.

— எந்திரிக்காத தமிழ்மதி. ஏனுங்க, இவ சொல்றது நெசமா?

— நெசந்தான். சொன்னேன். அதுக்கென்ன இப்ப?

— பின்வாசல், திருடன், கம்பெனி மூடிட்டா என்ன பண்றதுன்னு காலையிலருந்து அளந்தீங்களே.

— அதுவும் நெசந்தான். அதையும் படிச்சுத்தான் சொன்னேன்.

— படிச்சது எதுக்கு? ஒரு எழுத்து மாத்தோணும்னாலும் நான் வந்து உங்க முன்னாடி நிக்கோணும். அதுக்குத் தோதா எது இருக்குதுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்து தேடியிருக்கறீங்க.

— ஆமா, தேடுனேன்! வேறென்ன பண்றது? உங்கம்மா ஊட்டு வாசல்ல வந்து நின்னேன், உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. மெசேஜ் போட்டா பாத்துட்டுப் பேசாம இருக்கற. எங்கம்மா கூப்புட்டாங்க, எடுக்கல. கம்பெனி வேலைன்னா மட்டும் நீ வருவன்னு தெரியும். அதான் வேலையை உன்ற கையில கட்டுனேன். இதுல என்ன குத்தம்?

— வேலையை என்ற கையில கட்டலீங்க. என்னை வேலையில கட்டுனீங்க.

— ரெண்டும் ஒண்ணுதான்.

— உங்களுக்கு ஒண்ணு. டையிங் மாறும்போதெல்லாம் நான் கொமரலிங்கத்துலருந்து பஸ்ஸைப் புடிச்சு வரோணும்.

— பஸ் எதுக்கு? காரு அனுப்பறேன்.

— காரு!

— சரி, அங்கிருந்தே மாத்து. தெனம் போன்ல சொல்றேன், நீ மாத்து. அப்பவாச்சும் பேசுவீல்ல.

— டையிங் பேரு சொல்றதுக்காகப் பேசோணும்.

— எதுக்காச்சும் பேசு பாரதி. நம்ம ஊட்டுல டீவி சத்தத்தைத் தவிர ஒரு சத்தமில்ல.

— அக்கா... அண்ணாச்சிக்குக் கண்ணு கலங்குது.

— பாக்கறேன் கண்ணு. இவுருக்குக் கண்ணு கலங்குனா நான் எந்திரிச்சு முந்தானையைக் குடுக்கோணும், அதுதான் வழக்கம். இன்னைக்கு உக்காந்தே இருக்கறேன். ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா?

— கேளு. எது வேணும்னாலும் கேளு.

— கீழ போயி எல்லாருகிட்டயும் சொல்லச் சொல்லல. டென்மார்க்குக்கு மெயில் போடச் சொல்லல. இதா உக்காந்திருக்குதே, இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லுங்க. பழைய வெப்சைட்டுப் பாஸ்வேர்டை வெளியாளுக்குக் குடுத்தது ஆரு? ஒரே ஒரு பேரு. சொல்லுங்க.

— இப்ப எதுக்கு அது?

— எனக்கு வேணும்.

— அவன் கூகுள்ல நம்மளை மொதல்ல கொண்டாரேன்னான். பாத்தா படிச்சவனாட்ட இருந்தான்...

— அவன் கதையைக் கேக்கல. குடுத்தது ஆரு?

— பாரதி, நடந்தது நடந்துபோச்சு. அதைக் கிண்டி எடுத்து இந்தப் புள்ளை முன்னாடி என்னைய நிறுத்தோணுமா? நான் ஒரு கம்பெனி நடத்தறவன்.

— அன்னைக்கு என்னை அத்தன பேரு முன்னாடி நிறுத்துனீங்களே.

— அது வேற.

— சரிங்க.

— சரின்னா? என்ன சரி?

— கேக்க வேண்டியதைக் கேட்டாச்சுங்க. தமிழ்மதி, கம்ப்யூட்டரைத் தொற. நீ சொன்ன மாதிரி ரெண்டையும் சேத்தே பண்ணீரு. பின்னால ஹெட்லெஸ், முன்னால ஸ்டேட்டிக். கலைமகளுக்கும் மத்த புள்ளைங்களுக்கும் தனித்தனி லாகின் போடு. போன்ல நம்பர் வந்தாத்தான் உள்ள போற மாதிரி வெச்சிரு.

— அண்ணாச்சி, அப்படியே செய்யட்டுமா?

— செய்யி அம்மிணி. அவ சொல்ற மாதிரியே செய்யி. தலையில்லாம இருந்தாலும் சரி, கால் இல்லாம இருந்தாலும் சரி. பாரதி, உனக்குப் புடிச்ச மாதிரியே ஆகட்டும். நான் இனி ஒரு வார்த்தை குறுக்க பேசல. போதுமா?

— போதுமுங்க.

— அக்கா, ஓகே சொல்லுத இடத்துல ஆரு பேரைப் போட?

— பாரதி பேரைப் போடு.

— அவுரு பேரைப் போடு கண்ணு. என்ற பேரு வேண்டாம்.

— ஏன் வேண்டாங்கற? எல்லாம் உன்ற இஷ்டத்துக்கு ஆச்சுல்ல? நீ அந்தப் பக்கமெல்லாம் பாக்கவேமாட்டியா?

— பாப்பேனுங்க. ஒண்ணு விடாம பாப்பேன். டையிங் பேரு ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபுடிச்சுக் கேப்பேன்.

— அப்புறமென்ன! அதைத்தானே நானும் காலையிலருந்து கேக்கறேன்? அம்மிணி, கேட்டியா, பாப்பாளாமா! பாரதி, அப்ப எப்ப வர்ற? நாளைக்கே வா. மேல அந்த ரூமை உனக்கு ஒழிச்சுத் தரச் சொல்றேன்.

— நான் பாக்கறது இங்கிருந்து இல்லீங்க. டென்மார்க்காரங்க திருப்பூர் ஆபீஸ்ல வேலைக்குக் கூப்புட்டிருக்கறாங்க. எந்தெந்தக் கம்பெனிக்காரங்க என்ன பக்கம் போட்டிருக்கறாங்க, அதுல இருக்கறது சரியா தப்பான்னு சொல்ற வேலை. என்ற பயோடேட்டாவுல நம்ம கம்பெனிப் பேரைப் பாத்துட்டு, ‘அந்த ஓனரு உங்களுக்கு என்ன வேணும்?’னு கேட்டாங்க. இன்னைக்கு வந்து சொல்றேன்னேன். இதா, இப்பப் போயிச் சொல்லப்போறேன், ஒண்ணும் வேண்டாமுங்க.